காம்பாக்ட் போன்ல (அதாவது கெட்டி எலும்புல) இத்தனை பேருங்க... பிளாஸ்ட்னா கட்டுறதாம், கிளாஸ்ட்னா உடைக்கிறதாம், யாராச்சும் தெளிவா சொல்லுங்களேன்

தூக்கம்_தொலைஞ்சவன் எழுதியது:

வணக்கம் மக்களே. ஹிஸ்டாலஜில (திசுவியல்ல) எலும்பு சாப்டர் ஓடிட்டு இருக்கு. காம்பாக்ட் போன் படத்தைப் பாத்தா வட்டம் வட்டமா அழகாத்தான் இருக்கு, ஆனா பேரு எழுத உக்காந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது. லேமெல்லா, லாகுனா, கனாலிகுலஸ், ஹாவர்சியன் கெனால், வோல்க்மான் கெனால், ஆஸ்டியான், ஆஸ்டியோசைட், ஆஸ்டியோபிளாஸ்ட், ஆஸ்டியோகிளாஸ்ட், பெரியாஸ்டியம், எண்டாஸ்டியம்னு போயிட்டே இருக்கு, இதுல எது இடம், எது செல்லு, எது ஓட்டைன்னே பிடிபடல.

மூணு சந்தேகம். முதல்ல இந்த பிளாஸ்ட். பிளாஸ்ட்னா வெடிக்கிறதுதானே, அப்போ ஆஸ்டியோபிளாஸ்ட்தான எலும்பை உடைக்கணும், ஆனா புக்ல அது கட்டுற செல்லுன்னு போட்டிருக்கு. ரெண்டாவது, முழு வட்டங்களுக்கு நடுவுல பாதி வெட்டுன மாதிரி கோடுகள் இருக்கே, இன்டர்ஸ்டிஷியல் லேமெல்லாவாம், அது ஏன் அப்படி அரைகுறையா நிக்குது? மூணாவது, கிரேக்க வேர்ச்சொல் படிச்சா எல்லாம் சுலபமாயிடும்னு ஒரு சீனியர் சொன்னாரு. உண்மையா, இல்ல படிக்கிறதுக்கு இன்னொரு லிஸ்ட் சேருமா?

---

சிலிண்டர்_மூளை எழுதியது:

பேரைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. இந்த அமைப்பு எதுக்குன்னு புரிஞ்சா பேரெல்லாம் தானா வந்து உக்காந்துக்கும்.

குருத்தெலும்புல செல்லுக்கு வேண்டிய சத்து மேட்ரிக்ஸ் (செல்லைச் சுத்தி இருக்குற பொருள்) வழியாவே ஊறிப் போயிடும், அதனால உள்ள ரத்தக்குழாய் இல்லாமலே அது காலத்தை ஓட்டிடும். எலும்புல அந்தக் கதை நடக்காது, ஏன்னா கொலாஜன்ங்கிற புரத நாரு மேல ஹைட்ராக்சிஅபடைட்ங்கிற கால்சியம் பாஸ்பேட் கனிமப் படிகம் இறுகிப் போய் இருக்கு, அதுக்குள்ள எதுவும் லேசுல ஊறாது. அப்போ உள்ள மாட்டிக்கிட்ட செல்லு உயிரோட இருக்கணும்னா ரெண்டு விஷயம் வேணும், பக்கத்துல ஒரு ரத்தக்குழாய், அதுவரைக்கும் ஒரு வழி. இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆஸ்டியான்னு பேரு. பெரும்பாலும் நீள எலும்போட நீளவாக்குலயே ஓடுற ஒரு உருளை அது, நீங்க பாக்குற வட்டம் அதைக் குறுக்க வெட்டுனதால வந்த வட்டம்.

நடுவுல இருக்குற ஓட்டை ஹாவர்சியன் கெனால், சுமாரா 50 மைக்ரோமீட்டர் அகலம், அதுக்குள்ள சின்ன ரத்தக்குழாயும் நரம்பு இழையும் போகும். அதைச் சுத்தி அடுக்கடுக்கா இருக்குறது லேமெல்லா, ஒவ்வொண்ணும் 3ல இருந்து 7 மைக்ரோமீட்டர் தடிமன். அடுக்குகளுக்கு ஊடால இருக்குற குட்டிக் குழி லாகுனா, அந்தக் குழிக்குள்ள குடியிருக்குற செல்லுதான் ஆஸ்டியோசைட். லாகுனா இடம், ஆஸ்டியோசைட் ஆளு, அவ்ளோதான். குழில இருந்து நாலா பக்கமும் மயிரிழை மாதிரி சுரங்கம் போகுது பாருங்க, அதுதான் கனாலிகுலஸ், நிறைய இருந்தா கனாலிகுலை. செல்லு தன் நீட்சிகளை இது வழியா நீட்டி பக்கத்து செல்லைத் தொட்டுக்கும், தொடுற இடத்துல கேப் ஜங்ஷன், அதாவது ரெண்டு செல்லையும் இணைக்கிற குட்டி வாசல் இருக்கும். கெனால் ஓரத்துல இருக்குற செல்லு ரத்தத்துல இருந்து வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும், அது அடுத்ததுக்கு.

இப்படி கை மாத்திக் கை மாத்தி எவ்ளோ தூரம் கொண்டு போக முடியும்? ஒரு அளவுக்குத்தான். அதான் ஆஸ்டியான் சராசரியா 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுலயே நின்னுடுது, ரொம்ப வெளில இருக்குற செல்லு கூட ரத்தக்குழாய்ல இருந்து கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் தூரத்துலதான் இருக்கும். ஸ்பாஞ்சி போன்ல (பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குற எலும்புல) ஏன் பொதுவா ஆஸ்டியான் இல்லைங்கிறதுக்கும் இதேதான் பதில், அங்க டிராபெகுலாங்கிற குட்டி எலும்புக் கம்பி ஒவ்வொண்ணும் மெலிசு, சுத்தி மஜ்ஜைல ரத்தம் இருக்கு, மேற்பரப்புல இருந்தே சாப்பாடு வந்துடும், தனியா கெனால் எதுக்கு.

வோல்க்மான் கெனாலைக் கண்டுபிடிக்கிறது ஈஸி. அது குறுக்கால போகும், ஒரு ஹாவர்சியன் கெனாலை இன்னொண்ணோடவும், வெளில பெரியாஸ்டியத்தோடவும், உள்ள மஜ்ஜைப் பக்கத்தோடவும் சேர்க்கும். முக்கியமா அதைச் சுத்தி வட்ட அடுக்கு இருக்காது, லேமெல்லாவை வெட்டிக்கிட்டுப் போகும். வட்டம் இருந்தா ஹாவர்சியன், இல்லன்னா வோல்க்மான், இதை மட்டும் பிடிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, புக்ல ஒரு வரில முடிச்சிடுவாங்க ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பக்கத்துப் பக்கத்து லேமெல்லால கொலாஜன் நாரு ஒரே திசைல ஓடாது, ஒண்ணுல ஒரு பக்கம் சாஞ்சா அடுத்ததுல வேற பக்கம் சாயும். எலும்பை முறுக்கினாலும் வளைச்சாலும் ஏதோ ஒரு அடுக்கு தாங்கிக்கும். போலரைஸ்டு லைட்ல ஸ்லைடை வச்சா வெளிச்சமும் இருட்டுமா மாறி மாறி வளையம் தெரியறது இதனாலதான்.

---

வேர்ச்சொல்_பித்தன் எழுதியது:

நம்ம ஏரியா வந்துடுச்சு, விடமாட்டேன் 😄

பிளாஸ்ட் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் வர்றது. வெடிக்கிற இங்கிலீஷ் பிளாஸ்ட் பழைய இங்கிலீஷ்ல காத்து வேகமா அடிக்கிறதுக்கு இருந்த சொல்லு. இங்க இருக்குறது கிரேக்க பிளாஸ்டோஸ், அதுக்கு முளை, தளிர், துளிர்னு அர்த்தம். ரெண்டும் சத்தத்துல ஒண்ணு, உறவுல ஒண்ணும் இல்ல. ஆக ஆஸ்டியோபிளாஸ்ட்னா எலும்பு முளைக்கிற இடம்னு வச்சுக்கோங்க. ஃபைப்ரோபிளாஸ்ட், காண்ட்ரோபிளாஸ்ட், எரித்ரோபிளாஸ்ட், கரு வளர்ச்சில வர்ற பிளாஸ்டுலா எல்லாத்துலயும் இதே முளைதான், எதுலயும் வெடி இல்ல.

உடைக்கிறது கிளாஸ்ட்தான். கிளாஸ்டோஸ்னா கிரேக்கத்துல உடைஞ்சது. சாமி உருவங்களை உடைக்கிறவனை ஐகானோகிளாஸ்ட்ங்கிறாங்களே, அதே கிளாஸ்ட். எரிமலைல இருந்து சிதறி வர்ற துண்டு துணுக்கைப் பைரோகிளாஸ்டிக்ங்கிறதும் அதே. ஆஸ்டியோகிளாஸ்ட்ங்கிற பேரைக் கொடுத்தது சுவிஸ் அனாட்டமிஸ்ட் கோலிக்கர், 1873ல.

சைட்ங்கிறது கைடோஸ், உள்ளீடில்லாத கலயம், பாத்திரம். பின்னாடி செல்லுன்னு ஆக்கிட்டாங்க. ஆஸ்டியோன் எலும்பு. சமஸ்கிருத அஸ்தியும் கிரேக்க ஆஸ்டியோனும் லத்தீன் ஓஸும் ஒரே மூலத்துல இருந்து பிரிஞ்ச பங்காளிங்க, அதனால அஸ்தி தெரிஞ்ச ஆளுக்கு ஆஸ்டியோ மறக்கவே கூடாது. பெரி சுத்தி, எண்டோன் உள்ள. பெரியாஸ்டியம் எலும்பைச் சுத்தி இருக்குற உறை, எண்டாஸ்டியம் உள்பக்கத்து உறை, இது மஜ்ஜைக் குழியை மட்டும் இல்லாம ஹாவர்சியன் கெனால் சுவரையும் மூடி இருக்கும்.

இப்போ முக்கியமான விஷயம், உங்க சீனியர் பாதிதான் சொல்லிருக்காரு. நீங்க குழம்புறீங்களே அந்த லிஸ்ட்ல பாதி கிரேக்கமே கிடையாது, லத்தீன். லேமெல்லா மெல்லிய தகடு. லாகுனா குட்டை, பள்ளம். கனாலிகுலஸ் குட்டிக் கால்வாய். டிராபெகுலா குட்டி உத்தரம். கார்டெக்ஸ் மரப்பட்டை. கவனிச்சீங்களா, கண்ணுக்குத் தெரிஞ்ச வடிவத்துக்குப் பெரும்பாலும் லத்தீன் பேரு, செல்லுக்கும் வியாதிக்கும் பெரும்பாலும் கிரேக்கப் பேரு. நூத்துக்கு நூறு பொருந்தாது ஆனா எலும்பு சாப்டர் வரைக்கும் நல்லாவே வேலை செய்யும்.

கொலாஜனையும் விட்டுடக் கூடாது, கோல்லான்னா பசை, தோலையும் எலும்பையும் காய்ச்சி வஜ்ரம் எடுப்பாங்களே அதுக்கு மூலச்சரக்கு இதுதான், அதனால பசையை உண்டாக்குறதுன்னே பேரு வச்சுட்டாங்க. அபடைட் இன்னும் தமாஷ், ஏமாத்துறதுங்கிற கிரேக்கச் சொல்லுல இருந்து வெர்னர்னு ஒரு ஜெர்மன் கனிமவியல் அறிஞர் 1786ல வச்ச பேரு, ஏன்னா பாக்குறவங்க அதை வேற வேற கல்லுன்னு நினைச்சு ஏமாந்துட்டே இருந்தாங்க. நம்ம எலும்புல பாதிக்கு மேல எடை அந்த ஏமாத்துக்காரக் கல்லோட குடும்பம்தான்.

ஹாவர்சும் வோல்க்மானும் ஆளுங்க பேரு, அதுக்கு வேர் தேடாதீங்க. கிளாப்டன் ஹாவர்ஸ் இங்கிலாந்து டாக்டர், 1691ல ஆஸ்டியாலஜியா நோவான்னு எலும்பு பத்தி புக்கு போட்டாரு. அவருக்கு முன்னாடியே நுண்ணோக்கி செஞ்சு பாத்த டச்சுக்காரர் லூவன்ஹூக் தன்னோட லென்ஸ்ல எலும்புத் துளைகளைப் பாத்துட்டாரு, பேரு என்னவோ ஹாவர்சுக்குப் போயிடுச்சு. இதுல வேடிக்கை, ஹாவர்ஸ் அந்தத் துளை வழியா மஜ்ஜையோட எண்ணெய் பரவுதுன்னு நினைச்சாரு, ரத்தக்குழாய்க்கான பாதைன்னு நினைக்கல.

---

ஒருவரி_ஆறுமுகம் எழுதியது:

ஆஸ்டியான்னா மரத்தை வெட்டுனா தெரியற வளையம் மாதிரின்னு நினைச்சுக்கோங்க பாஸ், முடிஞ்சது. ரெண்டாவது கேள்விக்கு, இன்டர்ஸ்டிஷியல்ங்கிறது சும்மா இடம் ரொப்புறது.

---

எக்ஸ்ட்ரா_லாங்_ரிப்ளை எழுதியது:

மர வளையம்னு நிறைய பேரு சொல்வாங்க, பாக்க அப்படித்தான் இருக்கும், ஆனா உருவாகுற விதம் நேர் எதிர். மரத்துல நடுவுல இருக்குறது பழசு, பட்டைப் பக்கம் புதுசு. ஆஸ்டியான்ல வெளி வளையம்தான் பழசு, கெனாலை ஒட்டி இருக்குறதுதான் கடைசியா வந்தது. இது புரிஞ்சா இன்டர்ஸ்டிஷியல் லேமெல்லா ஏன்ங்கிறதும் சேந்தே புரிஞ்சிடும், அது இடம் ரொப்புறதும் கிடையாது.

வளந்த ஆளோட எலும்புல நடக்குறது இதுதான். முன்னாடி ஒரு ஆஸ்டியோகிளாஸ்ட் கூட்டம் பழைய எலும்பைக் கரைச்சுக்கிட்டு சுரங்கம் போட்டுட்டே போகும், நுனி கூம்பு மாதிரி இருக்கும்ங்கிறதால கட்டிங் கோன்னு பேரு. உடைக்கிறதுன்னா சுத்தியால அடிக்கிற மாதிரி இல்ல, ஆசிடை விட்டு கனிமத்தைக் கரைக்கும், என்சைமை விட்டு கொலாஜனை அறுக்கும். சுரங்கத்தோட அகலம் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர், எங்கேயோ கேட்ட அளவு மாதிரி இருக்கா, ஆமா, அதேதான், பின்னாடி வரப் போற ஆஸ்டியானோட வெளி எல்லை அங்கேயே முடிவாயிடுது. பின்னாலயே ரத்தக்குழாய் வரும், அதோட ஆஸ்டியோபிளாஸ்ட் கூட்டம் வந்து சுரங்கச் சுவர்ல இருந்து உள்நோக்கி ஒவ்வொரு அடுக்கா பூசிட்டே வரும். முதல்ல கனிமம் ஏறாத ஆஸ்டியாய்டு, அப்புறம் அது இறுகும். பூசிட்டு இருக்கும்போதே சில ஆஸ்டியோபிளாஸ்ட் அந்தப் பூச்சுக்குள்ளயே மாட்டிக்கும், மாட்டுனதுதான் ஆஸ்டியோசைட், அது மாட்டுன குழிதான் லாகுனா. ஒரு செல்லுக்கு ரெண்டு பேரு ஏன்னு யாரும் கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், வேலை பாக்குற வரைக்கும் பிளாஸ்ட், புதைஞ்ச பிறகு சைட். முழுசா அடைக்க மாட்டாங்க, நடுவுல ரத்தக்குழாய்க்கு இடம் விட்டு நிறுத்திடுவாங்க. மீதி இருக்குற அந்த இடம்தான் ஹாவர்சியன் கெனால். ஒரு இடத்துல தோண்டுறது சில வாரத்துல முடிஞ்சிடும், ரொப்புறதுக்குச் சில மாசம் ஆகும்.

இப்போ உங்க ரெண்டாவது கேள்வி. புதுச் சுரங்கம் போற வழில பழைய ஆஸ்டியான் இருந்தா என்ன ஆகும், அது வேற வழில சுத்திக்கிட்டா போகும்? அதையும் அரிச்சுக்கிட்டுத்தான் போகும். அரிச்சது போக மிச்சம் நிக்கிற பழைய ஆஸ்டியானோட துண்டுகள்தான் இன்டர்ஸ்டிஷியல் லேமெல்லா. அதான் அரை வட்டமாவும் முக்கோணமாவும் கெனால் இல்லாம அனாதையா நிக்குது. வயசு ஆக ஆக இந்தத் துண்டுகளும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன ஆஸ்டியானும் ஜாஸ்தியாகும், தடயவியல்ல எலும்புத் துண்டை வச்சு வயசைக் கணிக்கிறவங்க இதையும் எண்ணிப் பாப்பாங்க.

புது ஆஸ்டியானுக்கும் பழைய எலும்புக்கும் நடுவுல இருக்குற கோடு சிமென்ட் லைன். படத்துல ஒரு மெல்லிய கோடா போட்டு விட்டுடுவாங்க, நீங்களும் விட்டுடாதீங்க. எலும்புல நுண்ணிய விரிசல் வந்தா பல நேரம் இந்தக் கோட்டுக்கு வந்து திசை மாறிடும், ஆஸ்டியானைக் குறுக்க வெட்டாம சுத்திக்கிட்டுப் போகும், அதுலயே அதோட வேகம் செத்துடும்.

---

ஸ்லைடு_பாக்ஸ் எழுதியது:

மேல எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, லேப் பக்கம் மட்டும் நான் ஒண்ணு. கிரவுண்ட் செக்ஷன்ல சிலந்தி மாதிரி கறுப்பா காலை விரிச்சுக்கிட்டு தெரியறதைப் பாத்து ஆஸ்டியோசைட்டுன்னு எழுதிடாதீங்க. காய்ஞ்ச எலும்பைத் தேச்சுத் தேச்சு மெலிசாக்கின ஸ்லைடு அது, செல்லு எப்பவோ போயிடுச்சு. காலியான லாகுனாவும் கனாலிகுலையும்தான் இருக்கு, அதுல காத்து அடைஞ்சிருக்குறதால வெளிச்சம் சிதறி கறுப்பா தெரியுது. செல்லைப் பாக்கணும்னா டீகால்சிஃபைடு செக்ஷன், ஆசிட்லயோ, கால்சியத்தை இழுத்துக்குற இடிடிஏங்கிற ரசாயனத்துலயோ ஊற வச்சு கனிமத்தை எடுத்துட்டு வெட்டுறது. அதுல செல்லோட நியூக்ளியஸ், பெரியாஸ்டியம் எல்லாம் தெரியும், ஆனா கனாலிகுலை சரியா தெரியாது. ரெண்டுல எந்த ஸ்லைடுன்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் பேரு எழுதுங்க.

---

குறுக்குக்கேள்வி_குமரி எழுதியது:

வேர்ச்சொல் அண்ணா சொன்னது ஜோரா இருக்கு, ஆனா அதை மட்டும் நம்பி இறங்குறவங்களுக்கு ரெண்டு பள்ளத்தைக் காட்டி வைக்கிறேன்.

ஆஸ்டியோபிளாஸ்ட், ஆஸ்டியோகிளாஸ்ட்னு பேரைப் பாத்தா ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி தெரியும். பிளாஸ்ட் மீசன்கைமல் செல்லுல (இணைப்புத் திசுவோட மூலச் செல்லுல) இருந்து வருது. கிளாஸ்ட் ரத்த வம்சம், மோனோசைட், மேக்ரோஃபேஜ்ங்கிற வெள்ளணு வகைங்க வழி, பல செல்லு ஒண்ணா சேந்து பல நியூக்ளியஸோட பெருசா ஆகுறது. ஆஸ்டியோ முன்னாடி நின்னா எலும்புல வேலை பாக்குதுன்னு அர்த்தம், எங்க பொறந்துச்சுன்னு அது சொல்லாது.

அடுத்தது லாகுனா. ஆஸ்டியோசைட் இருக்குற குழியும் லாகுனாதான், ஆஸ்டியோகிளாஸ்ட் மேற்பரப்புல அரிச்சு வைக்கிற குழியும் ஹௌஷிப் லாகுனாதான். மொதல்ல சொன்னது செல்லைச் சுத்தி எலும்பு வளந்ததால வந்த குழி, ரெண்டாவது செல்லு எலும்பைத் தின்னதால வந்த குழி. குட்டைன்னு அர்த்தம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு இதைப் பிரிச்சுச் சொல்ல முடியுமா என்ன?

---

தூக்கம்_தொலைஞ்சவன் எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி, வெளி வளையம் பழசுங்கிறது எங்க புக்ல எங்கயுமே இல்ல, அதைப் படிச்ச பிறகு படமே வேற மாதிரி தெரியுது. இன்னும் மூணு இருக்கு, திட்டாதீங்க. ஆஸ்டியோபோரோசிஸ், ஆஸ்டியோமலேசியா, ஆஸ்டியோபெட்ரோசிஸ் மூணையும் வேர் வச்சுப் பிரிக்கலாமா? எபிஃபைசிஸ், டயாஃபைசிஸ்ல வர்ற ஃபைசிஸ் என்னது? அப்புறம் அந்த சிமென்ட் லைனை கனாலிகுலை தாண்டிப் போகுமா, போகாதுன்னா கெனால் இல்லாத இன்டர்ஸ்டிஷியல் துண்டுல இருக்குற செல்லு எப்படிச் சாப்பிடும்?

---

வேர்ச்சொல்_பித்தன் எழுதியது:

இந்த மூணுல வேரு கச்சிதமா உக்காரும். போரோஸ் வழி, துளை. எலும்போட அளவு குறைஞ்சு துளை பெருசாகுறது ஆஸ்டியோபோரோசிஸ், மிச்சம் இருக்குற எலும்புல கனிமத்துக்கும் கொலாஜனுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய சரியாவே இருக்கும். மலாக்கியா மென்மை. ஆஸ்டியோமலேசியால ஆஸ்டியாய்டு இருக்கு, கனிமம் ஏறல, பல நேரம் வைட்டமின் டி குறைவால. பெட்ரா பாறை. ஆஸ்டியோபெட்ரோசிஸ்ல கிளாஸ்ட் வேலை செய்யாததால எலும்பு அடர்த்தியாகிட்டே போகும், பாறைன்னு பேரு இருந்தும் லேசா முறியும், மஜ்ஜைக்கும் இடம் இல்லாமப் போயிடும்.

ஃபைசிஸ் வளர்ச்சி, ஃபிசிக்ஸ் வந்த அதே இடம். எபி மேல, டயா ஊடால, மெட்டா அப்புறம். எபிஃபைசிஸ் நுனில மேல வளந்தது, டயாஃபைசிஸ் ரெண்டு நுனிக்கும் ஊடால இருக்குற தண்டு, மெட்டாஃபைசிஸ் ரெண்டும் சேருற இடம். வளர்ற தட்டை ஃபைசிஸ்னே கூப்பிடறதும் உண்டு. காண்ட்ரோஸ் குருத்தெலும்பு, அதையும் எழுதி வச்சுக்கோங்க, விலா குருத்தெலும்புக்குக் கீழ இருக்குற வயித்துப் பகுதிலதான் மனக்கவலை உக்காந்திருக்குன்னு அந்தக் காலத்துல நினைச்சாங்க, ஹைப்போகாண்ட்ரியா அப்படி வந்தது. சிமென்ட் லைன் கேள்விக்கு மேல லாங் ரிப்ளை போட்டவர்தான் வரணும்.

---

எக்ஸ்ட்ரா_லாங்_ரிப்ளை எழுதியது:

வந்துட்டேன். கனாலிகுலை பெரும்பாலும் சிமென்ட் லைனைத் தாண்டாது, ஓரத்துக்கு வந்து வளைஞ்சு தன்னோட ஆஸ்டியானுக்குள்ளயே திரும்பிடும், ஒண்ணு ரெண்டுதான் தாண்டும். அதனால இன்டர்ஸ்டிஷியல் துண்டுல இருக்குற செல்லுக்கு ரத்தத் தொடர்பு மோசம், அங்க செத்துப் போன ஆஸ்டியோசைட்டும் காலி லாகுனாவும் ஆஸ்டியானுக்குள்ள இருக்குறதை விட அதிகம். சில இடத்துல காலியான லாகுனாக்குள்ளயும் கனாலிகுலைக்குள்ளயும் கனிமம் போய் அடைச்சுக்கும், அதுக்கு மைக்ரோபெட்ரோசிஸ்னு பேரு, மைக்ரோ சின்னது, பெட்ரா மேல வந்த அதே பாறை. அந்தப் பகுதி கனிமம் ஏறி விறைப்பா இருக்கும், உள்ள உணர்ந்து சொல்ல ஆஸ்டியோசைட்டும் இல்ல, அதனால வயசானவங்க எலும்புல நுண் விரிசல் இன்டர்ஸ்டிஷியல் பக்கம்தான் நிறைய தெரியும். ஸ்லைடுல தேடணும்னா பெரிய ஆஸ்டியான் ரெண்டு மூணு முட்டிக்கிற மூலைல பாருங்க.